பன்னிரண்டு வடாமும் ஒரு வைக்கோல் போரும்

நாங்கள் வசிப்பது ஒரு பள்ளத்தாக்கு என்று என் மாமனார் மனதார நம்பினார். தாம்பரம் சானடோரியம் பக்கம் வந்து போனவர்களுக்கு அங்கே பள்ளத்தாக்கு எதுவும் கிடையாது என்று தெரியும். ஒரு பக்கம் பச்சைமலை. மலை என்று நாங்கள் ஒரு மரியாதைக்குச் சொல்லிக்கொள்வதுதான். மூச்சு வாங்காமல் ஏறி இறங்கிவிடலாம். மறுபக்கம் ரயில் பாதை ஓடும் மண்மேடு. நடுவில் எங்கள் காலனி.

"இந்தப் பக்கம் மேடு, அந்தப் பக்கம் மேடு, நடுவுல நாம. இதுக்கு வேற என்னம்மா பேரு?" என்று கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே என்னிடம் கேட்டார். புது மருமகள் வேறு என்ன சொல்வாள்? "பள்ளத்தாக்குதான் மாமா" என்றேன். அந்த வீட்டில் அவர் கட்சிக்கு விழுந்த முதல் ஓட்டு அதுதான் போலிருக்கிறது. அத்தை சமையலறையில் ஒரு பாத்திரத்தை நங்கென்று வைத்தார்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. மாமனார் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பது வருஷம் நட்டும் போல்ட்டும் எண்ணிவிட்டு ஓய்வு பெற்றிருந்தார். எண்ணுவதற்கு எதுவும் இல்லாமல் கை அரித்துக்கொண்டிருந்த நேரத்தில் காலனி சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

காலனியின் கடைசி வரிசைக்குப் பின்னால், மலையடியில், பால்காரம்மா குடியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். தனி ஆள். இரண்டு எருமை, ஒரு கீற்றுக் கொட்டகை, அதை ஒட்டி ஒரு வைக்கோல் போர். இதுதான் அவர் சொத்து. ஒவ்வொரு கோடையிலும் பச்சைமலைப் புல் காய்ந்து, யாரோ போட்ட பீடியிலோ எவரோ கொளுத்திய குப்பையிலோ தீப்பிடிக்கும். பெரும்பாலும் மேலேயே எரிந்து அணைந்துவிடும். நான் கல்யாணமாகி வருவதற்கு முந்தைய கோடையில் மட்டும் தீ கீழே இறங்கி வந்து அவருடைய போரைச் சாம்பலாக்கிவிட்டது. அப்போது எருமைகள் மூன்று. தீனிக்கு வழியில்லாமல் ஒன்றை விற்றாராம்.

"இந்த வருசமும் போரு போச்சின்னா மீதிய வித்துட்டு நான் வூட்டு வேலைக்குத்தான் போவணும் சார்" என்று அவர் மாமனாரிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அழவெல்லாம் இல்லை. பாலை அளந்து ஊற்றிக்கொண்டே சொன்னார்.

போரைச் சுற்றித் தரையை நனைத்து வைத்தால் தீ நெருங்காது. ஆனால் அதற்கு இருபது குடம் தண்ணீர் வேண்டும். காலனி முனையில் இருந்த அடிபம்பில் கை வலிக்க அடித்து, மேட்டில் சுமந்துகொண்டு போக வேண்டும். தினமும் அது ஆகாத காரியம். எந்த நாள் ஆபத்தான நாள் என்று யாராவது முன்கூட்டியே சொன்னால் அன்றைக்கு மட்டும் சுமக்கலாம். ரேடியோவிலோ தினமும் வறண்ட வானிலை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க சொல்றது சரிதான், மீனம்பாக்கத்துக்கு. பள்ளத்தாக்குக்கு நாமதான் பாத்துக்கணும்" என்றார் மாமனார். அன்றைக்கே வானிலை ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார்.

காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டும் கருவி கடையில் கிடைக்கும் என்பது அவருக்கும் தெரியும். காசு கொடுத்து வாங்குவது தன் மூளைக்கு இழுக்கு என்று நினைத்தார். முதலில் நனைத்த பனியன் காய எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்த்தார். பனியனைக் கொடியில் போட்டுவிட்டு, வெற்று மார்போடு, கைக்கடிகாரத்தையும் பனியனையும் மாறி மாறி முறைத்தபடி மொட்டைமாடியில் நிற்பார். எதிர்வீட்டு அம்மா தன் ஜன்னலுக்குத் திரை போட்டார். மூன்றாம் நாள் அத்தையிடம் வந்து, "உங்காத்துக்காரருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டுப் போனார். பனியன் ஆராய்ச்சி அத்தோடு சரி.

பிறகுதான் வடாம். ஒருநாள் சாப்பிடும்போது பொரித்த வடாமைக் கையில் எடுத்து ஒடித்தார். ஒடித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாம்பார் சாதம் ஆறிப்போயிற்று. "காத்துல ஈரம் இருந்தா வடாம் காயாது. இல்லேன்னா காயும். இதைவிட என்ன கருவி வேணும்?" என்றார்.

"வடாம் காயலேன்னா எனக்கும் தெரியும். அதுக்கு எதுக்கு இவ்ளோ சத்தம்?" என்றார் அத்தை.

அந்த வருஷத்து வடாமெல்லாம் பங்குனியிலேயே பிழிந்து காயவைத்து டின்னில் அடைத்தாகிவிட்டது. ஆனாலும் அத்தை தினமும் விடியற்காலையில் ஒரு கை அரிசிக்கூழ் கிளற வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஆறு மணிக்கு மாமனாரே அச்சைக் கையில் எடுத்து, ஒரு பலகையில் வேட்டித் துணி விரித்து, எண்ணிப் பன்னிரண்டு வடாம் பிழிவார். பலகையைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்துக் காக்காய்க்கு ஒரு கறுப்புக் குடையும் விரித்துவைப்பார். மதியம் பன்னிரண்டு மணிக்கு மூன்றை எடுத்துச் சோதிப்பார். டக்கென்று ஒடிந்தால் சிவப்புக் கொடி. வளைந்தால் மஞ்சள். விரலில் ஒட்டினால் பச்சை. மூன்றும் மூன்று விதமாக இருந்தால் நான்காவதை எடுப்பார்.

சிவப்புக் கொடி அத்தையின் ரவிக்கைத் துணி. பச்சை என்னுடைய பழைய பாவாடை. மஞ்சள், மஞ்சள் தண்ணீரில் முக்கிய ஒரு துண்டு. மூன்றுக்கும் கொடிக்கம்பம் எங்கள் டிவி ஆன்டெனாதான். காற்று அடித்தால் கொடி ஆன்டெனாவைத் திருப்பிவிடும். வெள்ளிக்கிழமை பாட்டு நிகழ்ச்சியில் கதாநாயகிக்கு இரண்டு தலை வந்துவிடும். என் கணவர் மாடிக்கும் ஹாலுக்கும் ஓடி ஓடி இளைத்தே போனார்.

சிரிக்காதீர்கள், வடாம் வேலை செய்தது. முதல் இரண்டு வாரத்தில் இரண்டு சிவப்புக் கொடி ஏறியது. இரண்டு நாளும் மலையில் புகை வந்தது. இரண்டு நாளும் பால்காரம்மா இருபது குடம் சுமந்து போரைச் சுற்றி ஊற்றி வைத்திருந்தார். காலனியே வாயடைத்துப்போனது. மாமனார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். சங்கத்துக் கரும்பலகையில் 'பள்ளத்தாக்கு வானிலை அறிக்கை' என்று தலைப்புப் போட்டு எழுதினார். காலையில் பால் ஊற்றும்போதே பால்காரம்மா, "சார், இன்னிக்கு இன்னா கொடி ஏறும்னு தோணுது?" என்று கேட்பார். "பன்னெண்டு மணிக்கு முன்னாடி எதுவும் சொல்றதுக்கில்ல" என்பார் மாமனார், பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வாத்தியார் மாதிரி.

இந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு மசக்கை வந்தது.

மூன்றாம் மாதம். சோற்றைப் பார்த்தால் வாந்தி. அத்தை மாங்காய் நறுக்கித் தந்தார், புளி உருண்டை தந்தார், நாரத்தங்காய் தந்தார். எதுவும் இறங்கவில்லை. என் நாக்கு கேட்டது ஒன்றே ஒன்றைத்தான். மேலே லேசாக மொரமொரப்பு, அடியில் இன்னும் பிசுபிசுப்பு, உப்பும் காரமும் பெருங்காயமுமாக அரைக்காய்ச்சல் வடாம். தின்றவர்களுக்குத் தெரியும், தின்னாதவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை. டின்னில் இருந்ததெல்லாம் கல்லாகக் காய்ந்தவை. வீட்டிலிருந்த அரைக்காய்ச்சல் வடாம் மொத்தமே பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டும் கருவி.

கேட்டிருக்கலாம். மாமா, உங்கள் கருவியைத் தின்னத் தோன்றுகிறது என்று எந்த வாயால் கேட்பது? வெட்கம். முதல் நாள் பத்தரை மணிக்கு, அத்தை குளிக்கப் போன நேரத்தில், மாடிக்குப் போய் இரண்டே இரண்டு தின்றேன். மாமா எண்ணிப் பார்ப்பாரே என்ற பயத்தில், சமையலறையில் மிச்சமிருந்த கூழை அச்சில் போட்டு இரண்டு புதிதாகப் பிழிந்து வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் ஐந்து. அதற்கும் மறுநாள் பன்னிரண்டும்.

பன்னிரண்டு மணிக்கு அவர் தொட்டுப் பார்த்தவை ஒன்றரை மணி நேர வடாம்கள். ஒட்டாமல் என்ன செய்யும்? பச்சைக் கொடி ஏறியது. கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது, தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிறது, எங்கள் வீட்டு ஆன்டெனாவில் என் பாவாடை பச்சையாகப் பறக்கிறது. தொடர்ந்து ஐந்து நாள். மாமனாரும் சும்மா இல்லை, அதற்கொரு விளக்கம் கண்டுபிடித்துவிட்டார். கடல்காற்று மண்மேட்டைத் தாண்டி உள்ளே வந்து, மலையில் முட்டி, வெளியே போக வழி தெரியாமல் பள்ளத்தாக்குக்குள்ளேயே சுற்றுகிறதாம். கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் படமே வரைந்தார். அதைப் பார்த்துச் சிலர் தங்களுக்கும் இப்போது ஜில்லென்று இருக்கிறது என்றார்கள்.

எனக்குத் தெரியாமல் இல்லை. நான் செய்வது தப்பு என்று தெரியும். பன்னிரண்டு வடாம் தின்றதால் ஒரு மலை பற்றி எரிந்துவிடுமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஆறாவது நாள் மதியம் பச்சைக் கொடி ஏறியதும் பால்காரம்மா வாசலில் வந்து நின்றார். புதுப்புடவை, தலையில் பூ. மேடவாக்கத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்குக் குழந்தை பிறந்து இருபது நாளாகிவிட்டதாம். போரைத் தனியாக விட்டுவிட்டுப் போகப் பயந்து இன்னும் போய்ப் பார்க்கவில்லையாம். அப்போதெல்லாம் மேடவாக்கம் என்றால் வயலும் ஏரியும்தான். பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

"பச்சை போட்டுகினே கீறீங்களே சார், அதான் தெகிரியமா கெளம்பிட்டேன். புள்ள மூஞ்சிய பாத்துட்டு சாயங்காலம் வந்துடறேன்."

"தாராளமா போய்ட்டு வாங்க. இன்னிக்கு மலை ஈரமா இருக்கு" என்றார் மாமனார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. வாயில் இன்னும் வடாம் இருந்தது.

இரண்டு மணி வாக்கில் மாடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனபோது மலைச் சரிவில் புகையைப் பார்த்தேன். காற்று எங்கள் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் மாமனார் மேலே ஓடிவந்தார். முதலில் கொடியைப் பார்த்தார், பிறகு மலையைப் பார்த்தார், மறுபடியும் கொடியைப் பார்த்தார். "இருக்காதும்மா. பச்சை ஆச்சே" என்றார். தீயிடமே வாதம் பண்ணுவார் போலிருந்தது.

"போர் மாமா! போர்!" என்று கத்தினேன்.

காலனி மொத்தமும் ஓடியது. ஆனால் தண்ணீர் எங்கே? லாரி மறுநாள்தான் வரும். வீட்டுக்கு வீடு மிஞ்சி இருந்தது இரண்டு குடம். அடிபம்பு இருமிவிட்டு நின்றுவிட்டது. யாரோ மெடிக்கல் ஷாப்பிலிருந்து தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார்கள். வண்டி ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. அதற்குள் தீ கொட்டகைக்குப் பத்தடியில் வந்து, போரின் ஒரு மூலையைப் பிடித்துவிட்டது. ஒருவர் எருமைகளை அவிழ்த்துவிட்டார். அவை கலவரமே இல்லாமல், வறண்டு கிடந்த ஏரிப் பக்கம் நடந்துபோயின.

அப்போது அத்தை போட்டாரே ஒரு சத்தம். "மோர்ப் பந்தல்ல ரெண்டு அண்டா நிக்குதே, கண்ணு அவிஞ்சா போச்சு உங்களுக்கெல்லாம்?"

கத்திரி வெயிலுக்காகச் சங்கம் காலனி வாசலில் நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தது. அன்றைய மோர் அப்படியே இருந்தது. அண்டாக்களை ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றி, நாலு பேர் தள்ள, அத்தை வண்டிமேல் நின்று தள்ளாடிக்கொண்டே வந்தார். இறங்கியதும் சொம்பால் மொண்டு மொண்டு வீசினார். எல்லோரும் வீசினோம். இஞ்சியும் கறிவேப்பிலையும் கொத்தமல்லியுமாகத் தீயில் விழுந்து சடசடத்தது. தாளித்த வாசனை மலையடி முழுக்கப் பரவியது. மாமனார் ஈரக் கோணியால் தரையை அடித்துக்கொண்டே இருந்தார். தீ அணைந்த பிறகும் அடித்துக்கொண்டிருந்தார். நாங்கள்தான் பிடித்து நிறுத்தினோம். தீயணைப்பு வண்டி வந்தபோது வீரர்களுக்கு மிச்சம் இருந்த வேலை அண்டாவின் அடியில் கிடந்த மோரைக் குடிப்பதுதான். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார்கள்.

போரில் மூன்றில் ஒரு பங்கு கருகிவிட்டது. மீதியில் மோர் சொட்டியது. எருமைகள் திரும்பி வந்து, கறிவேப்பிலை ஒட்டிய வைக்கோலைத் தேடித் தேடித் தின்றன.

சாயங்காலம் பால்காரம்மா வந்தார். கருகின மூலையையும் எங்கள் எல்லோரையும் பார்த்தார். கேட்டது ஒரே கேள்விதான். "கொடி பச்சைன்னுதானே சார் போனேன்?"

மாமனார் வீட்டுக்கு வந்து மூன்று கொடிகளையும் மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். "என்னை நம்பிப் போனாங்க. எனக்கு எதுக்கு இந்த வேலை? நட்டு எண்ணத்தான் நான் லாயக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். காபி ஆறிக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கிற நேரம். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அழுகையும் பயமுமாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதல் நாள் இரண்டு, மறுநாள் ஐந்து, அப்புறம் தினமும் பன்னிரண்டு.

அத்தை என்னைத் திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். நாற்காலி தடாலென்று விழுந்தது. கண்ணைத் திறந்தால் மாமனார் செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்.

"கணக்கு தப்பல! வடாம் தப்புப் பண்ணல! என் மருமக தின்னுட்டா!"

வீடு வீடாகச் சொன்னார். எனக்கு மூன்று மாதம் என்பது அதுவரை எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்த சேதி. பத்தே நிமிஷத்தில் காலனி முழுக்கத் தெரிந்துவிட்டது. கடைசியாக மலையடிக்கு ஓடினார். அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனார். பால்காரம்மா கருகின வைக்கோலைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். மாமனார் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"ஒங்க கணக்கு சரியாப் போச்சி சார். ரொம்ப சந்தோசம். என் போரு?"

மாமனார் அடங்கிப்போனார்.

பிறகு என் பக்கம் திரும்பினார் பால்காரம்மா. அந்த ஏச்சை முழுவதும் இங்கே எழுத முடியாது. "அய்ய, துன்னணும்னா கேட்டுத் துன்ன வேண்டியதுதானே? வாயில இன்னா கொழுக்கட்டையா கீது? நாங்கூட சேத்துப் புழிஞ்சி குடுத்திருப்பேனே! பேஜாரு புடிச்ச பொண்ணா கீறியே. நான் பாட்டுக்கு பேரப் புள்ளைய மடியில வச்சி கொஞ்சிகினு கீறேன், இங்க என் பொழப்பு எரிஞ்சிகினு கீது!" அத்தை ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.

கருகின அளவுக்கு வைக்கோலை மாமனார் அந்த வாரமே வரவழைத்துப் போட்டார். அது போதாது என்று பால்காரம்மா சொல்லிவிட்டார். "வத்தலும் வேணாம், கொடியும் வேணாம். தெனம் நீ வந்து போரைத் தொட்டுப் பாத்துட்டு எங்கிட்ட வந்து சொல்லு. நீதான் சொல்லணும்" என்று என்னிடம் விரலை நீட்டினார்.

போனேன். தினமும் பதினொரு மணிக்கு மேட்டில் ஏறி, போருக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பேன். மாமனார் வடாமுக்கு வைத்திருந்த அதே கறுப்புக் குடையை எனக்குப் பிடித்துக்கொண்டு கூடவே வருவார். இப்போது அவருடைய கருவி நான்தான். காய்ந்திருக்கிறது என்று நான் சொன்னால் பால்காரம்மா குடத்தை எடுப்பார். நான் ஒரு குடம் எடுக்கப் போனால் அதட்டுவார். மாமனாரிடம் குடத்தைக் கொடுத்தால் அதட்டமாட்டார். வேறு பேச்சு எதுவும் கிடையாது. பாலை அளந்து ஊற்றும்போதுகூட என்னை நிமிர்ந்து பார்க்கமாட்டார். அது எனக்கு ஏச்சைவிட வலித்தது.

இரண்டு வாரம் இப்படியே போனது. ஒருநாள் நான் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "ரொம்பக் காஞ்சிருக்கும்மா. இன்னிக்கு முப்பது குடமாவது ஊத்தணும்" என்றேன்.

அவர் குடத்தை எடுக்கவில்லை. தலையைத் தட்டி முடிந்துகொண்டார். "கொயந்தைக்கு இன்னிக்கு பேரு வெக்கறாங்கோ. போவலாமா வேணாமான்னு காலையிலேர்ந்து பாத்துகினு கீறேன்" என்றார், மலையைப் பார்த்தபடி.

எனக்கு அறிக்கை எதுவும் சொல்லத் தோன்றவில்லை. "போய்ட்டு வாங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்றேன்.

அன்றைக்குத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார். வயிற்றையும் பார்த்தார். கொட்டகைக்குள் போய்க் கயிற்றுக் கட்டிலை இழுத்துவந்து நிழலில் போட்டார். உள்ளே மறுபடியும் போய் ஒரு தட்டோடு வந்து அதைக் கட்டில்மேல் வைத்தார். தட்டில் வடாம், காலையில் பிழிந்தது, அடி இன்னும் ஈரம்.

"எண்ணிப் பாக்க மாட்டேன், துன்னு" என்றார். புடவையை உதறிக் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போனார்.